அந்தக் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள்: கனரகத் தொழில்கள் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

கனரகத் தொழில்கள் அமைச்சகம், புதுடெல்லி.

ஒரு மின்காரில் எவ்வளவு இந்தியாவில் செய்தது, எவ்வளவு வெளியிலிருந்து வந்தது என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறது. வாகனத் துறைக்கான உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஒரு நிறுவனம் பணம் வாங்க வேண்டுமானால், உள்நாட்டு மதிப்புக்கூட்டல், அதாவது பொருளின் மதிப்பில் இந்தியாவில் செய்த பங்கு, குறைந்தது 50 சதவீதம் என்று காட்டியாக வேண்டும். புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ, மானேசரில் இருக்கும் ஐகேட் போன்ற சோதனை நிறுவனங்கள் அதைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கின்றன. 2021 செப்டம்பரில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 25,938 கோடி ரூபாய். அது எங்கள் வரிப்பணம். காரைக் கடன் போட்டு வாங்குவதும் நாங்கள்தான். ஆனால் எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்ற விவரம் மட்டும் வாங்குகிறவர் கைக்கு வருவதில்லை. அது தெரியாமல் போனதால் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், முட்டி மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் என்று ஒரு நாளைக்கு ஆறு வீடு. மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், அந்தப் பக்கம் ராமமூர்த்தி நகர் வரை போவேன். எல்லாம் சேர்த்து 40, 45 கிலோமீட்டர் வரும். பின் சீட்டில் வாக்கர், எடைப் பட்டைகள், தசைக்கு மின்தூண்டல் கொடுக்கும் கருவி, ஒரு மடக்கு மேசை. மர்ஃபி டவுன் சந்துகளில் பெரிய கார் உள்ளே போனால் திரும்பி வர முடியாது. அதனால்தான் சிறிய மின்காராகப் பார்த்து வாங்கினேன். ராத்திரி வீட்டு பிளக்கில் போட்டால் காலையில் தயார். பெட்ரோலுக்குக் கொடுத்ததில் பாதிகூட மின்கட்டணத்தில் ஏறவில்லை. ஓட்டிய வரைக்கும் அந்தக் காரைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

2025-இல் ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் பார்த்தால் ராத்திரி போட்ட சார்ஜ் ஏறவே இல்லை. முந்தின நாள் விட்ட 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. பிளக்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், பக்கத்து வீட்டு இணைப்பில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் இழுவை வண்டி வந்து கொண்டுபோனது.

காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் போய்விட்டது என்றார்கள். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும் பெட்டி அது. சர்வீஸ் சென்டரில் இருந்த தம்பி தருமபுரிக்காரர், நல்ல பையன். "மேடம், இதை நாங்க திறக்கவே கூடாது. முழுசா மாத்தத்தான் முடியும். பார்ட் வெளிநாட்டுல இருந்து வரணும்" என்றார். எந்த நாடு என்று கேட்டேன். "அது எங்களுக்கே தெரியாது மேடம். ஸ்டாக் இல்லன்னு மட்டும் சிஸ்டம் காட்டுது. தேதி வரல."

தேதி வரவே இல்லை. வாரம் ஒரு முறை போன் செய்வேன். ஒரு வாரம் "கப்பல்ல இருக்கு", அடுத்த வாரம் "கஸ்டம்ஸ்ல இருக்கு", அதற்கடுத்த வாரம் பழையபடி "ஆர்டர் போட்டிருக்கு". 83 நாள் ஆனது. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில் கார் வந்தது. வாரன்டி இருந்ததால் பாகத்துக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் அந்த 83 நாளும் மாதத் தவணை போய்க்கொண்டே இருந்தது. ஆட்டோவுக்கு மட்டும் ஐம்பதாயிரத்தை ஒட்டிக் கொடுத்தேன்.

காசை விடுங்கள், சம்பாதித்துக்கொள்ளலாம். ராமமூர்த்தி நகரில் ஒரு அம்மா, 61 வயது. பக்கவாதம் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, வலது கை தூக்க வராது. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் பொன்னான காலம். அப்போது கொடுக்கிற பயிற்சிக்கு உடம்பு கேட்கிற மாதிரி பிறகு கேட்காது. வாரத்துக்கு ஐந்து நாள் போய்க்கொண்டிருந்தவள், கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் அவ்வளவு தூரம் போக முடியாமல் இரண்டு நாளாகக் குறைத்தேன். பிறகு பக்கத்தில் வேறு ஆளைப் பார்த்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டேன். விரலை மடக்கி ஒரு டம்ளரைப் பிடிக்க அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஒரு பெட்டி கப்பலில் கிடந்ததால் அது நடக்கவில்லை.

கார் திரும்பி வந்த அன்று, கழற்றிய பழைய சார்ஜரைக் காட்டச் சொன்னேன். அலுமினியப் பெட்டி, தடித்த அகராதி ஒன்றின் அளவு. ஓரத்தில் குளிர்விக்கும் நீர் போகிற இரண்டு குழாய் வாய்கள். ஸ்டிக்கரில் பார்கோடு, ஒரு நீண்ட எண், அதற்குக் கீழே இரண்டு வரி சீன எழுத்து. பெட்டியின் நான்கு பக்கமும் பசை ஊற்றி மூடியிருந்தது. என் காரின் சேஸிஸ் எண்ணோ எம் என்ற எழுத்தில் தொடங்குகிறது. இந்தியாவில் கட்டிய கார்களின் எண் அந்த எழுத்தில்தான் தொடங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், வாங்கும்போது என்னிடம் சொன்ன "நம்ம ஊர் தயாரிப்பு" என்பதற்கு என்ன பொருள் என்று புரிந்தது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஒரு நிறுவனத்தைத் திட்டித் தீர்கிற விஷயமாக இதை நான் பார்க்கவில்லை.

என் தம்பி ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கிறான். "எங்க செஞ்சா என்னக்கா, ஓடினா சரி. உன் போன்ல இருக்கிற சிப் எல்லாம் எங்க செஞ்சது?" என்றான். நியாயமான கேள்வி, நானும் பல நாள் யோசித்தேன். சீனத் தொழிலாளி செய்ததாலேயே ஒரு பொருள் மட்டம் என்று நான் நினைக்கவில்லை. உலகில் செய்யப்படும் லித்தியம் பேட்டரி செல்களில் முக்கால்வாசி அங்கேதான் செய்கிறார்கள். அந்த விலையில் செல் கிடைக்கவில்லை என்றால் என் போன்றவர்கள் மின்காரே வாங்கியிருக்க முடியாது. கொடிக்காகவும் பெருமைக்காகவும் இதை எழுதவில்லை. எங்கே ஒரு பொருளைச் செய்கிறார்களோ, அங்கேதான் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அங்கேதான் மாற்றுப் பாகமும் இருக்கிறது. எனக்கு அது முக்கியம்.

இது எனக்கு எங்கள் வீட்டிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். அப்பா ஜாலஹள்ளி எச்எம்டி கடிகார ஆலையில் வேலை பார்த்தவர். அந்த ஆலை 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கியது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் வருடம் போகப் போக உள்ளே இருக்கும் பாகங்களை இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதனால் சிவாஜிநகர் பக்கம் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அந்தக் கடிகாரத்தின் உள்ளும் புறமும் தெரிந்தது. கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் முடிவாகிவிட்டது. அப்பா கட்டியிருந்த கடிகாரத்துக்கு இன்றைக்கும் பாகம் கிடைக்கிறது, போன வருடம்கூட மாற்றினேன். வெளிநாட்டோடு சேருவது தப்பு என்று சொல்லவே மாட்டேன். சேர்ந்த பிறகு நாம் கற்றுக்கொண்டோமா என்றுதான் கேட்கிறேன்.

மின்காரிலும் இதே ஊருக்கு ஒரு கதை உண்டு. உங்களுக்குத் தெரியாததில்லை. தொழில்முனைவர் சேத்தன் மைனியின் ரேவா பெங்களூருவில் செய்த மின்கார். அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனத்தோடு கூட்டாக 1994-இல் தொடங்கி 2001-இல் விற்பனைக்கு வந்தது. லண்டனில் ஜீ-விஸ் என்ற பெயரில், நகர மையத்துக்குள் வரும் வண்டிகள் கட்ட வேண்டிய நெரிசல் கட்டணம் கட்டாமல் ஓடியது. 2010-இல் மகிந்திரா பெரும்பங்கை வாங்கியது, 2012-இல் பொம்மசந்திராவில் ஆண்டுக்கு 30,000 கார் செய்யும் ஆலை வந்தது, 2013-இல் இ2ஓ என்ற அடுத்த மின்கார் வந்தது. அதுவும் 2019-இல் நின்றுபோனது. டெஸ்லா என்ற பெயரை யாரும் கேள்விப்படாத காலத்தில் நம் ஓசூர் சாலை ஓரத்தில் சிறிய மின்கார் செய்துகொண்டிருந்தார்கள்.

என்னிடம் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் ஒரு பெரியவர் பழைய ரேவா ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். என் கார் நின்றுபோன நாட்களில் ஒருமுறை அதைத் திறந்து காட்டினார். முன் சீட்டைத் தூக்கினால் அடியில் வரிசையாக 8 ஈய அமில பேட்டரி, ஒவ்வொன்றும் 6 வோல்ட், மொத்தம் 48. இன்வெர்ட்டர் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவார். வெளித்தகடு பிளாஸ்டிக், அடிபட்டாலும் நசுங்காது. சார்ஜர் இரண்டு முறை போயிருக்கிறதாம். இரண்டு முறையும் மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒருவர் திறந்து, கருகிய பாகத்தை எடுத்துவிட்டு வேறு போட்டு, சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டார். ரேவா பெரிய கார் என்று வாதாட வரவில்லை. வேகம் குறைவு, பின் சீட்டில் குழந்தைகள்தான் உட்கார முடியும், மோதினால் தாங்குமா என்று இங்கிலாந்திலேயே கேள்வி எழுந்தது. என் கார் எல்லாவற்றிலும் அதைவிட நல்ல கார், பழுதாகும் வரை.

அந்த எஸ்.பி. ரோட்டுக்காரரையும் போய்ப் பார்த்தேன். அகலம் ஆறு அடி இருக்கும் கடை. மேசை முழுக்க மின் ஸ்கூட்டர் சார்ஜர்கள் வயிறு திறந்து கிடந்தன. விவரத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கொண்டு வாங்கக்கா, பசையைச் சூடு காட்டி எடுத்துடலாம். அனேகமா உள்ள ஒரு மாஸ்ஃபெட்டோ கெப்பாசிட்டரோ போயிருக்கும். ஆனா நான் சரி பண்ணி மாட்டினாலும் கார் ஏத்துக்காட்டி என்ன செய்யறது? கம்பெனி லேப்டாப்ப மாட்டி அனுமதி கொடுக்கணும். அது என்கிட்ட இல்ல. உங்க வாரன்டியும் போயிடும்." திறமை இங்கே இருக்கிறது, என் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. கையைக் கட்டி வைத்திருக்கிறோம்.

இப்போது உங்கள் 50 சதவீதத்துக்கு வருகிறேன். குஜராத்தின் சானந்திலும் ஹலோலிலும் நம் திருவள்ளூரிலும் சிறிய மின்கார்கள் கட்டப்படுகின்றன. பல்லாயிரம் பேருக்கு அதில் வேலை, அது நல்லது. ஆனால் ஒரு காரின் விலையில் உடல் தகடு, சீட், கண்ணாடி, டயர், ஒயரிங் எல்லாம் சேர்ந்தே கணிசமான பங்கு வந்துவிடும். மீதியில் பேட்டரி, மோட்டாரின் காந்தம், சார்ஜர், பேட்டரியின் டிசியை மோட்டாருக்கு ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர், இவற்றை ஓட்டும் சிப்புகள் இருக்கின்றன. பாதி இங்கே என்று ஒரு காருக்குச் சான்று கொடுத்தால், எந்தப் பாதி என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா? கதவு நசுங்கினால் இரண்டு நாளில் மாற்றிவிடுகிறார்கள். பழுதானால் காரே நிற்கிற பாகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு வேண்டிய விவரம். 2024 மார்ச்சில் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக நீங்கள் கொண்டுவந்த திட்டத்திலும் மூன்று ஆண்டில் 25, ஐந்து ஆண்டில் 50 என்று சதவீதம் போட்டிருக்கிறீர்கள்.

எங்கே செய்தது என்பது வெறும் உணர்ச்சிக் கேள்வி என்று யாராவது சொன்னால் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரகடத்தைக் காட்டுங்கள். ரெனோ க்விட் 2015-இல் இருந்து அங்கே செய்யப்படும் சிறிய கார். அதே அடித்தளத்தில் மின்கார் செய்ய முடிவெடுத்தபோது 2019-இல் அதைச் சீனாவில் செய்தார்கள். அது டேசியா ஸ்பிரிங் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போய் அங்கே மலிவான மின்கார்களில் ஒன்றானது. நமக்கு வரவில்லை. அப்புறம் பிரான்ஸ் அரசு, எந்த ஆலையில் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டுச் செய்தது, எத்தனை தூரம் கப்பலில் வந்தது என்றெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் மானியம் கொடுப்போம் என்று மாற்றியது. 2024-இல் இருந்து ஸ்பிரிங்குக்கு அந்த மானியம் இல்லை. அந்த அரசு எந்த ஊர் ஆலை என்று கேட்கிறது, பதிலை மக்களுக்கும் தெரியப்படுத்துகிறது.

2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இங்கே மின்வண்டி ஆலைகள் திண்டாடியதை நீங்கள் நேரில் பார்த்தீர்கள். என் அம்மாவின் ஊர் குளச்சல் பக்கம். பக்கத்திலேயே மணவாளக்குறிச்சி. அங்கே கடற்கரையில் காலை வைத்தால் கருமணல் ஒட்டிக்கொண்டு வரும். அதில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தை 1909-இலேயே ஒரு ஜெர்மானியர் கண்டுபிடித்துவிட்டார். மின்மோட்டார் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் என்ற அரிய மண் தனிமம் அந்த மோனசைட்டில் இருக்கிறது. கரை ஓரத்தில் மணல் அள்ளுவதன் பாதிப்பைச் சுமப்பது எங்கள் சனம், காந்தமோ சீனாவிலிருந்து வர வேண்டும். (அந்த ஊர் மக்களுக்கு மணல் எடுப்பதில் இருக்கும் பயம் தனியாகப் பேச வேண்டியது, அதை நான் சின்னதாக்கவில்லை.) 2025 நவம்பரில் காந்தம் செய்யும் ஆலைகளுக்காக 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததை வரவேற்கிறேன். எங்கே செய்கிறார்கள் என்பது முக்கியம் என்று அரசே ஒத்துக்கொண்டதாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறேன். அரசுக்கு முக்கியமான விஷயம், காருக்குத் தவணை கட்டுகிறவளுக்கும் முக்கியம்தானே?

ஆகவே நான் கேட்பவை இவை.

ஒவ்வொரு மின்காரின் கண்ணாடியிலும், விற்பனைக்கு நிற்கும்போதே, ஒரு விவர ஒட்டி இருக்க வேண்டும். கார் எந்த ஊரில் கட்டப்பட்டது, பேட்டரி செல் எந்த நாடு, மோட்டார் எந்த நாடு, சார்ஜரும் இன்வெர்ட்டரும் எந்த நாடு, மொத்த உள்நாட்டு மதிப்பு எத்தனை சதவீதம். ஐந்து வரி போதும், அந்தந்த மாநில மொழியிலும் வேண்டும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1992-இல் சட்டம் போட்டு, எஞ்சின் எந்த நாடு, கியர்பெட்டி எந்த நாடு என்று கார் கண்ணாடியில் ஒட்ட வைத்துவிட்டார்கள். நம் நாட்டிலேயே 2020 மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கும் ஒரு டிபன் பாக்ஸுக்குக்கூட எந்த நாட்டுப் பொருள் என்று போட்டாக வேண்டும். எட்டு, பத்து லட்ச ரூபாய் காருக்குக் கேட்பது அதிகம் இல்லை.

ஊக்கத்தொகை வாங்கும் நிறுவனம், கார் நின்றுபோகக் காரணமாகும் பாகங்களை, அதாவது சார்ஜர், பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்து விளக்கு போன்றவற்றுக்குக் கொடுக்கும் டிசி மாற்றி, பேட்டரியைக் கண்காணிக்கும் மேலாண்மைப் பலகை ஆகியவற்றை, இந்தியாவுக்குள் இருப்பு வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். பேட்டரிக்கு 8 வருடம் வாரன்டி என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்தப் பாகங்களும் 8 வருடம் கிடைக்கட்டும். 15 நாளுக்குள் பாகம் வரவில்லை என்றால் மாற்றுக் கார் கொடுக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர் என்று வண்டியே பிழைப்பாக இருப்பவர்களுக்கு 15 நாளே அதிகம். அவர்களுக்கு இன்னும் குறைத்து வையுங்கள்.

பழுது பார்க்கும் வழிமுறை, மின்சுற்று வரைபடம், புதுப் பாகத்தைக் காருக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருள் ஆகியவற்றை, பயிற்சி பெற்ற வெளிமெக்கானிக்குகளுக்கு நியாயமான கட்டணத்தில் கொடுக்கச் செய்யுங்கள். உயர் மின்னழுத்தம் ஆபத்து என்பது எனக்கும் புரிகிறது. அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் என்கிறேன். அரசு ஐடிஐகளில் அந்தப் பயிற்சியைத் தொடங்கலாம். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான தளம் ஒன்றைத் தொடங்கியது, அதில் வாகனத் துறையும் இருக்கிறது. விரும்பிய நிறுவனம் விரும்பியதைப் போடலாம் என்று இருப்பதை, மின்கார்களுக்கு மட்டுமாவது கட்டாயமாக்க அந்தத் துறையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

மதிப்புக்கூட்டலைக் கணக்கிடும்போது எல்லா ரூபாயையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சார்ஜர் பலகையையும் இன்வெர்ட்டரையும் இங்கே செய்கிறவருக்கு, சீட்டும் டயரும் மட்டும் இங்கே வாங்குகிறவரைவிடக் கூடுதல் ஊக்கம் கொடுங்கள்.

இவற்றில் சிலவற்றுக்கு விதி மாற்ற வேண்டும், நாளாகும், தெரியும். ஒன்றை இந்த மாதமே செய்யலாம். இதுவரை கொடுத்திருக்கும் மதிப்புக்கூட்டல் சான்றுகளை, மாடல் வாரியாக, முக்கியப் பாகங்கள் எந்த நாட்டிலிருந்து வருகின்றன என்ற விவரத்தோடு, உங்கள் இணையதளத்தில் போடுங்கள். என் அடுத்த காரை அதைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

இப்படிக்கு,
மின்கார் ஓட்டும் ஒரு பிசியோதெரபிஸ்ட்
அல்சூர், பெங்களூரு